ஒரு முழங்காலும் மூன்று கோடைகளும்: ராபர்ட் கிரிஃபின் ஏன் தேய்ந்தார்?

2013 ஜனவரி 6. மேரிலாந்து மாநிலம் லேண்டோவரில் ஃபெட்எக்ஸ் மைதானம். நான்காம் கால்பகுதியில் ஆறு நிமிடம் சொச்சம் பாக்கி. வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் சென்டர் பின்னுக்குத் தள்ளிய பந்து தாழ்வாக வந்து தரையில் உருள்கிறது. அதை எடுக்கத் திரும்பிய 22 வயது குவாட்டர்பேக்கின் வலது முழங்கால், யாரும் தொடாமலேயே, பக்கவாட்டில் மடங்குகிறது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பந்து கிடக்கிறது. அவரால் நீட்ட முடியவில்லை. எதிரணி அதை அள்ளிக்கொள்கிறது.

அந்தக் குவாட்டர்பேக், ராபர்ட் கிரிஃபின் (செல்லப்பெயர் ஆர்ஜி3) பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலானோர் இந்தக் காட்சியோடு கதையை முடித்துவிடுவார்கள். முழங்கால் போனது, ஆட்டம் போனது, அவ்வளவுதான் என்பார்கள். இது பாதிக் கதை. முழங்கால் அறுந்தும் நன்றாக ஆடியவர்கள் அந்த விளையாட்டில் உண்டு. கிரிஃபினே கல்லூரி நாளில், 2009இல், இதே வலது முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்து, இரண்டு வருடம் கழித்து நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கியவர். முதல் முறை எழுந்தவர் இரண்டாம் முறை ஏன் எழவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணியின் ஒவ்வொரு முயற்சியும் குவாட்டர்பேக்கின் கையில் தொடங்கும். பந்தை ஓட்டக்காரரிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடும் ரிசீவருக்கு எறிவதா, தானே எடுத்துக்கொண்டு ஓடுவதா என்று இரண்டு மூன்று வினாடிக்குள் முடிவெடுப்பவர் அவர்தான். அதற்குள் நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து கிலோ ஆட்கள் அவரைத் தரையில் சாய்க்க வந்துகொண்டிருப்பார்கள்.

விலை

கிரிஃபின் பிறந்தது ஜப்பானின் ஒகினாவாவில். அப்பா அம்மா இருவரும் அமெரிக்க ராணுவத்தில் சார்ஜென்ட்கள். வளர்ந்தது டெக்சாஸில், காப்பரஸ் கோவ் என்ற ஊரில். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 2008 ஒலிம்பிக் தேர்வுப் போட்டியின் அரையிறுதி வரை போனவர். பெய்லர் பல்கலைக்கழகத்துக்காக 2011இல் 4,293 யார்டு (கெஜம்) எறிதல், 37 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது), ஆறே ஆறு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது). அதுவரை ஹைஸ்மன் கோப்பையைப் பார்த்திராத கல்லூரி அது.

தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசை வைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு டிராஃப்ட். 2012 டிராஃப்டில் முதல் இடத்தில் இண்டியானாபொலிஸ் அணி ஆண்ட்ரூ லக்கை எடுக்கும் என்பது ஊரறிந்த விஷயம். இரண்டாம் இடம் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் கையில் இருந்தது. அதை வாங்க வாஷிங்டன் கொடுத்த விலை: அந்த வருடத்து ஆறாம் இடம், அதே வருடத்து இரண்டாம் சுற்று வாய்ப்பு, அதோடு 2013, 2014 முதல் சுற்று வாய்ப்புகள் இரண்டும். ஒரு ஆளுக்காக மூன்று வருடத்து விதைநெல்லைக் கொடுத்த கணக்கு.

அந்தப் பேரம் நடந்த மார்ச் மாதத்திலேயே இன்னொரு அடியும் விழுந்தது. சம்பள உச்சவரம்பு விதியை மீறியதாகச் சொல்லி லீக் நிர்வாகம் வாஷிங்டனின் சம்பள வரம்பில் 3.6 கோடி டாலரை 2012, 2013 ஆகிய இரண்டு வருடங்களில் பிரித்துக் கழித்தது. புதிய ஆட்களை டிராஃப்டில் எடுக்கவும் வழி குறைவு, சந்தையில் வாங்கவும் பணம் குறைவு. குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று அவரைக் காப்பாற்றும் வரிசையை வலுப்படுத்துவது இனி கஷ்டம். இதைக் கிரிஃபின் கதையில் பலர் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன்.

சரி, இவ்வளவு கொடுத்து ஒருவரை வாங்கியவர்கள் அதே டிராஃப்டின் நான்காம் சுற்றில் மிச்சிகன் ஸ்டேட்டைச் சேர்ந்த கர்க் கசின்ஸ் என்ற இன்னொரு குவாட்டர்பேக்கையும் எடுத்தார்கள். அன்றைக்குப் பலர் அதைக் கேலி செய்தார்கள்.

2012: சாரம் கட்டிய வருடம்

முதல் ஆட்டம் நியூ ஆர்லியன்ஸில். 26 எறிதலில் 19 சேர்ந்தன, 320 யார்டு, 40-32 வெற்றி. ரிசீவர் பியர் கார்சோனுக்கு எறிந்த பந்து 88 யார்டு டச்டவுனாக முடிந்தது. அக்டோபரில் மின்னசோட்டாவுக்கு எதிராக 76 யார்டு தனியாக ஓடி டச்டவுன் போட்டார். 3 வெற்றி 6 தோல்வி என்று கிடந்த அணி அடுத்த ஏழு ஆட்டத்தையும் வென்று, 1999க்குப் பிறகு முதல் முறையாகப் பிரிவில் முதலிடம் பிடித்தது. பருவ முடிவில் கிரிஃபினின் கணக்கு: 3,200 யார்டு எறிதல், 20 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன், எறிதலின் தரத்தை அளக்கும் ரேட்டிங் 102.4. ஓட்டத்தில் 815 யார்டு. அறிமுக வருடத்தில் ஒரு குவாட்டர்பேக் அதுவரை இவ்வளவு ஓடியதில்லை.

இது எப்படி நடந்தது என்பதில்தான் பின்னால் வந்த சரிவின் வித்தும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

தலைமைப் பயிற்சியாளர் மைக் ஷனஹன். தாக்குதலை வகுத்தவர் அவர் மகன் கைல். அவர்கள் கிரிஃபினுக்காகத் தங்கள் பழைய முறையோடு ரீட் ஆப்ஷன் என்ற கல்லூரி உத்தியை ஒட்டினார்கள். எதிரணியின் ஓரத் தடுப்பாளர் ஒருவரை யாரும் மறிக்காமல் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். கிரிஃபின் பந்தை ஓட்டக்காரர் ஆல்ஃபிரட் மாரிஸின் வயிற்றருகே வைத்தபடி அந்த ஒரு ஆளை மட்டும் பார்ப்பார். அவன் மாரிஸை நோக்கிப் பாய்ந்தால் பந்தை இழுத்துக்கொண்டு கிரிஃபின் வெளியே ஓடுவார். அவன் தயங்கி நின்றால் பந்து மாரிஸுக்கு. இரண்டு பக்கமும் அடி. ஆறாம் சுற்றில் எடுத்த மாரிஸ் அந்த வருடம் 1,613 யார்டு ஓடியது தற்செயல் இல்லை.

அப்புறம் மூன்றாவது வழி ஒன்று உண்டு. இந்தக் குழப்பத்தில் நடுவில் நிற்கும் லைன்பேக்கர்கள் என்ற தடுப்பாளர்கள் அரை வினாடி உறைந்துபோவார்கள், அல்லது ஓட்டத்தைத் தடுக்க இரண்டு அடி முன்னே வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் திறக்கும். கிரிஃபின் பந்தைக் கொடுப்பதுபோலக் காட்டிவிட்டு நிமிர்ந்து அந்த வெற்றிடத்துக்குள் எறிவார். பார்க்க வேண்டியது ஒரே இடம், ஒரே ஆள். கை வலுவானது, குறி துல்லியம். ஒவ்வொரு எறிதலுக்கும் சராசரி 8.1 யார்டு கிடைத்தது.

அந்த வருடம் அவர் அதிகம் செய்ய வேண்டியிராத வேலை ஒன்று இருந்தது. ஓட்டம் வராது, எறிதல்தான் என்று எதிரணிக்குத் தெரிந்துவிட்ட நேரத்தில், பாதுகாப்பு வளையத்துக்குள் நின்றபடி, முதல் ரிசீவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று வரிசையாகப் பார்த்து, பார்வை நகரும் அதே தாளத்தில் காலையும் நகர்த்தி, சரியான நொடியில் பந்தை விடுவது. இதுதான் அந்தத் தொழிலின் அடிப்படைப் பாடம். பெய்லரிலும் மைதானத்தை அகலமாக விரித்துப் போட்டு ஆடும் எளிய முறைதான். ஆக, அங்கேயும் இந்தப் பாடம் முழுதாக நடக்கவில்லை.

ஷனஹன்கள் செய்ததில் தவறு என்று நான் சொல்லமாட்டேன். புதுப் பையனுக்குத் தெரிந்ததை வைத்து ஆட விட்டார்கள். நல்ல வாத்தியார் அப்படித்தான் செய்வார். ஆனால் அது கட்டடம் எழும்பும் வரைக்குமான சாரம். சாரத்தைப் பார்த்து ஊரே கட்டடம் முடிந்துவிட்டது என்று நம்பியது. அந்த வருடம் லீக்கில் அதிகம் விற்ற சட்டை அவருடையது. விளம்பரங்கள் குவிந்தன. சிறந்த அறிமுக ஆட்டக்காரர் விருது வந்தது.

இன்னொன்றும் இங்கே கவனிக்க வேண்டும். இந்த மூன்று வழிகளும் நிற்பது ஒரே தூணின் மேல்: ஓரத் தடுப்பாளருக்குக் கிரிஃபினின் காலைப் பார்த்துப் பயம் இருக்க வேண்டும். அந்தப் பயம் போனால் லைன்பேக்கர் உறையமாட்டான், வெற்றிடம் திறக்காது. அவருடைய கையின் வெற்றிக்கும் காலே ஆதாரம்.

நான்கு வாரம்

டிசம்பர் 9, பால்டிமோருடன் ஆட்டம். ஓடிப்போன கிரிஃபினின் வலது காலில் ஹலோட்டி நாட்டா என்ற பெருத்த தடுப்பாளரின் உடல் வந்து மோதியது. கால் சாட்டைபோல வளைந்தது. ஒரே ஒரு முயற்சிக்கு வெளியே நின்றவர் திரும்ப உள்ளே போனார். இன்னும் சில முயற்சிகளுக்குப் பிறகு முடியாமல் வெளியே வந்தார். கசின்ஸ் இறங்கி டச்டவுன் எறிந்து, இரண்டு புள்ளியைத் தானே ஓடி எடுத்து ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 31-28 வெற்றி. அடுத்த வாரம் கிளீவ்லண்டில் முழு ஆட்டமும் கசின்ஸ்தான், 38-21. அதாவது மாற்று ஆள் இருந்தார், ஆடவும் தெரிந்தவர்.

கிரிஃபின் அந்த ஒரே ஒரு ஆட்டத்தைத் தவறவிட்டு முழங்கால் கவசத்துடன் திரும்பினார். ஜனவரி 6 காலை ஒரு செய்தி வெளியானது. பால்டிமோர் ஆட்டத்தில் கிரிஃபினைத் திரும்ப அனுப்பலாம் என்று மருத்துவர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் சொன்னார் என்பது ஷனஹனின் கூற்று. தான் அப்படி அனுமதி தரவில்லை, அவரைப் பரிசோதிக்கவே வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று ஆண்ட்ரூஸ் அந்தச் செய்தியில் சொல்லியிருந்தார்.

அன்று மாலையே சியாட்டிலுடன் பிளேஆஃப், தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம். புல் பெயர்ந்து மண் தெரியும் தரை. முதல் கால்பகுதியில் வாஷிங்டன் 14-0. அந்த இரண்டாவது டச்டவுனுக்குச் சற்று முன்னால், வலப்பக்கம் ஓடி எறியும்போது கிரிஃபினின் முழங்கால் முறுக்கிக்கொண்டது. அதன் பிறகு அவர் ஓடியது ஓட்டமே இல்லை, நொண்டல். வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தவர்களுக்கே தெரிந்தது. வலிதான் இருக்கிறது, காயம் இல்லை, ஆட விடுங்கள் என்று கிரிஃபின் கேட்டுக்கொண்டதாக ஷனஹன் பிறகு சொன்னார். 22 வயதுப் பையன் வேறு என்ன சொல்வான்? ஆடுகிறவன் ஆடவே கேட்பான். வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் பயிற்சியாளருக்கும் மருத்துவருக்கும் சம்பளம். நாள் முழுக்க கிரிஃபின் எறிந்து எடுத்தது 84 யார்டு. 24-14 தோல்வி.

மூன்று நாளில் அதே ஆண்ட்ரூஸ் அறுவை சிகிச்சை செய்தார். வெளிப்பக்கத் தசைநாரை ஒட்டி, 2009இல் போட்ட ஏசிஎல்லை இரண்டாம் முறை புதுப்பித்தார்.

மூன்று கோடைகள்

அந்த விளையாட்டில் பருவம் செப்டம்பரில் தொடங்கும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைதான் கற்கும் காலம். ஒரு இளம் குவாட்டர்பேக் இரண்டாம் வருடத்தில் முன்னேறுவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்: காலடி வைப்பு, பார்வை வரிசை, ரிசீவர்களோடு நேரம் பழகுவது எல்லாம்.

2013 கோடையைக் கிரிஃபின் மறுவாழ்வுப் பயிற்சியில் கழித்தார். முதல் வாரமே ஆடப்போகிறார் என்று சொல்லும் ஷூ கம்பெனி விளம்பரம் நாடெங்கும் ஓடியது. முன்பருவ ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமல், நேராக முதல் திங்கட்கிழமை ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக இறங்கினார். 33-27 தோல்வி. எதிரணிகளுக்கோ முழு ஆண்டுப் படம் கையில் இருந்தது. புதுச் சுழல் பந்து வீச்சாளரை முதல் தொடரில் யாராலும் படிக்க முடியாமல், அடுத்த தொடருக்குள் வீடியோ பார்த்துப் படித்துவிடுவார்களே, அதே கதைதான். இங்கே பந்து வீச்சாளரின் தோளும் காயப்பட்டிருந்தது. ஓட்டம் 815 யார்டிலிருந்து 489க்கு வந்தது. எறிதலுக்குச் சராசரி 8.1லிருந்து 7.0. இன்டர்செப்ஷன் 5லிருந்து 12. மேலே சொன்ன தூண் ஆடியதும் மூன்று வழியும் சேர்ந்து ஆடியது. 13 ஆட்டத்தில் 3 வெற்றி. கடைசி மூன்று ஆட்டம் ஷனஹன் அவரை உட்கார வைத்தார். 3-13 என்று பருவம் முடிந்ததும் ஷனஹனையே அனுப்பிவிட்டார்கள்.

2014இல் ஜே குரூடன் வந்தார். உடம்பு சரியாக இருந்த ஒரே கோடை இதுதான், ஆனால் புது ஆசான், புதுப் பாடத்திட்டம். ஓட்டத்தை நம்பாமல் வளையத்துக்குள் நின்று எறியச் சொல்லும் முறை. இரண்டாவது வாரமே ஜாக்சன்வில்லுடன் ஆடும்போது இடது கணுக்கால் பிசகியது. நவம்பரில் திரும்பினார். டேம்பா பேயிடம் 27-7 தோற்ற மறுநாள், காலடி வைப்பு சரியில்லை, அடிப்படைகளே தவறுகிறது என்று குரூடன் பத்திரிகையாளர்கள் முன்னால் பட்டியல் போட்டார். பொதுவில் அப்படிப் பேசியது அழகில்லை. ஆனால் சொன்னது பொய்யும் இல்லை.

அந்த வருடத்து எண்களைப் பாருங்கள். எறிதலில் 68.7 சதவீதம் சேர்ந்தது, 2012ஐவிட அதிகம். டச்டவுன் மட்டும் நான்கே நான்கு. 214 எறிதல், 33 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். எறிய நினைத்த ஏழெட்டு முறைக்கு ஒரு முறை தரையில் கிடந்திருக்கிறார். 2012இல் அது பதினான்குக்கு ஒன்று. இதற்கு எனக்குப் படும் அர்த்தம் ஒன்றுதான். கண் முன்னால் ஆள் திறந்திருந்தால் குறி தப்பவில்லை. திறந்திருக்காவிட்டால் அடுத்தவரைத் தேடும் பழக்கம் வரவில்லை, பந்தைப் பிடித்துக்கொண்டே நின்றார். கை கெடவில்லை. கற்காமல் விட்ட பாடம் இரண்டு வருடம் கழித்து வட்டியோடு வந்து நின்றது.

அந்த டிசம்பரில் ராம்ஸ் அணி வாஷிங்டனுக்கு வந்தது. டாஸ் போட நடுமைதானத்துக்கு ஆறு கேப்டன்களை அனுப்பினார் அதன் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர். ஆறு பேருமே கிரிஃபின் பேரத்தில் கிடைத்த வாய்ப்புகளின் வழியாக அணிக்கு வந்தவர்கள். கிரிஃபின் அன்று பெஞ்சில் தொடங்கினார். 24-0 என்று ராம்ஸ் ஜெயித்தது. குசும்பு என்றாலும் குரூரம்.

மூன்றாவது கோடை சீக்கிரம் முடிந்தது. 2015 ஆகஸ்ட் 20 அன்று டெட்ராய்ட்டுடன் முன்பருவ ஆட்டத்தில் திரும்பத் திரும்ப அடி வாங்கித் தலை அதிர்ச்சி. மாதக் கடைசியில் கசின்ஸ்தான் முதல் ஆள் என்று குரூடன் அறிவித்தார். கிரிஃபினின் ஒப்பந்தத்தை ஐந்தாம் வருடத்துக்கு நீட்டியிருந்தார்கள். சுமார் 1.6 கோடி டாலர், பெரிய காயம் ஏற்பட்டால் கொடுத்தே ஆக வேண்டிய தொகை. அந்தப் பருவம் முழுக்க அவர் ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. கசின்ஸுடன் அணி 9-7 என்று பிரிவை வென்றது. 2016 மார்ச்சில் கிரிஃபினை விடுவித்தார்கள்.

மற்றவர்கள் சொல்லும் காரணங்கள்

தலைக்கனம் என்பார்கள். விளம்பரம் அதிகம், அணி உரிமையாளர் டான் ஸ்னைடருக்கு ரொம்ப நெருக்கம், சக ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு பேச்சு. கூட இருப்பவர்கள் ஆடாவிட்டால் பேட்டன் மேனிங், ஆரன் ராஜர்ஸ் போன்ற பேர்பெற்ற குவாட்டர்பேக்குகள் கூட நன்றாக ஆட மாட்டார்கள் என்று டேம்பா தோல்விக்குப் பிறகு அவர் சொன்னது எரிகிற தீயில் எண்ணெய். அவர் அப்பாவும் மகனை இவ்வளவு ஓட விடக்கூடாது என்று வெளிப்படையாகப் பேசினார். ஷனஹனும் கிரிஃபினும் 2013இல் எந்த உத்திகளை வைப்பது, எதை விடுவது என்பதில் முட்டிக்கொண்டதைப் பின்னாளில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

இதிலெல்லாம் கொஞ்சம் உண்மை இருக்கும். ஆனால் தலைக்கனம் உள்ளவர்கள் அந்த லீக்கில் ஏராளம், அவர்களில் பலர் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். தோற்றவனின் குணம்தான் எப்போதும் விசாரணைக்கு வரும். எனக்கு இந்தக் காரணம் சப்பென்று தோன்றுகிறது. அப்பா கேட்டது நியாயமான விஷயம், கேட்ட நேரம்தான் தப்பு: ஓடாமல் எறிய மட்டும் தெரிந்த குவாட்டர்பேக்காக மகன் அப்போது இன்னும் ஆகியிருக்கவில்லை.

இதைவிட எனக்கு உபயோகமாகப் படுவது ரசல் வில்சனோடு ஒப்பிடுவது. அதே டிராஃப்டில் 75ஆவது ஆள். அதே ஜனவரி 6இல் எதிரணிக் குவாட்டர்பேக். அவரும் ரீட் ஆப்ஷன் ஆடியவர்தான், அந்த வருடம் 489 யார்டு ஓடியவர். பேஸ்பாலும் ஆடிய அனுபவம் உண்டு. அடி வரும் முன் சறுக்கி உட்காரவும், எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போகவும் தயங்கவே மாட்டார். கிரிஃபின் தடை ஓட்டக்காரர். முன்னால் ஏதாவது வந்தால் தாண்டிப் போகத்தான் உடம்பு பழகியிருந்தது. தன்னை அடியிலிருந்து காத்துக்கொள்ளும் கலை அவருக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. பின்னால் நல்ல தற்காப்புப் படையும் மார்ஷான் லிஞ்ச் என்ற ஓட்டக்காரரும் இருந்ததால், வில்சன் தினமும் அணியைத் தோளில் சுமக்க வேண்டியதில்லை. 2021 அக்டோபர் வரை காயத்தால் அவர் ஒரு ஆட்டமும் தவறவில்லை. அதாவது ஒவ்வொரு கோடையும் அவருக்குப் படிப்பதற்கு மிஞ்சியது.

பிறகு

2016இல் கிளீவ்லண்ட். முதல் ஆட்டத்திலேயே தோள் எலும்பு முறிவு. டிசம்பரில் திரும்பி நான்கு ஆட்டங்களைத் தொடங்கினார், ஒன்றில் வெற்றி. 1-15 என்று முடிந்த அந்த அணியின் அந்த ஒரே வெற்றி, டிசம்பர் 24 அன்று சான் டியேகோவுக்கு எதிராக வந்தது, அவர் தொடங்கிய ஆட்டம்தான். 2017இல் எந்த அணிக்கும் ஆடவில்லை.

2018இல் பால்டிமோர் ரேவன்ஸ் மாற்று ஆளாகச் சேர்த்துக்கொண்டது. அந்த வருடமே லமார் ஜாக்சன் என்ற, கிரிஃபினைப் போலவே ஹைஸ்மன் வாங்கிய, அவரைவிடவும் லாகவமாக ஓடும் இளைஞனை டிராஃப்டில் எடுத்தது. 2019இல் ஜாக்சன் 1,206 யார்டு ஓடி குவாட்டர்பேக்குகளின் ஓட்டச் சாதனையை உடைத்து, வாக்களித்த அத்தனை பேரும் தேர்ந்தெடுத்த மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் பிட்ஸ்பர்குடன். பிளேஆஃபுக்கான முதலிடம் ஏற்கெனவே கையில் இருந்தது. ஜாக்சனுக்குக் காயம் எதுவும் வந்துவிடக் கூடாதென்று பயிற்சியாளர் ஜான் ஹார்பா அவரை உட்கார வைத்தார். அவருக்குப் பதிலாகக் கிரிஃபின் இறங்கினார். 28-10 வெற்றி. அன்று முழுக்க ஜாக்சன் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.